தனிக் கிணறும் தனி மின்சாரமும்

மின்சார மோட்டார் சைக்கிளைப் பெட்ரோல் ஜெனரேட்டர் வைத்துச் சார்ஜ் செய்வது என்று சொன்னாலே கேட்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. பெட்ரோலை விட்டொழிக்க வாங்கிய வண்டிக்குப் பெட்ரோலையே எரித்து மின்சாரம் ஊட்டுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலையல்லவா என்கிறார்கள். எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு எழுந்தபோதும் அப்படித்தான் சிரித்தார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர், "அதற்குப் பேசாமல் பழைய வண்டியையே வைத்திருக்கலாமே" என்று ஒரே வரியில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் உண்டு. மறுபாதியை யோசிக்காமல் சிரிக்கிறோம் என்பது என் எண்ணம். ஜெனரேட்டரின் ஓசைக்குப் பின்னால், பொதுவில் கிடைக்க வேண்டிய ஒன்று கிடைக்காதபோது நாம் என்ன செய்கிறோம் என்ற பழைய கேள்வி இருக்கிறது. இது கிணற்றையும் கண்மாயையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதிய கேள்வி அல்ல.

முதலில் நியாயமான பாதியைப் பார்ப்போம். கணக்கு எளிமையானதுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய வெப்ப ஆற்றலை மின் அளவையில் சொன்னால் ஏறத்தாழ 9 யூனிட். கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய ஜெனரேட்டர் அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாகத் தரும். அதாவது லிட்டருக்கு ஒன்றரை யூனிட். மிச்சமெல்லாம் சூடாகவும் புகையாகவும் சத்தமாகவும் போய்விடுகிறது. இன்று ஓடும் மின்சார ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும், சார்ஜரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் போகின்றன. ஆக, ஒரு லிட்டர் பெட்ரோலை ஜெனரேட்டரில் ஊற்றினால் வண்டி 35 முதல் 40 கிலோமீட்டர் வரை ஓடும். அதே பெட்ரோலை நூறு சிசி மோட்டார் சைக்கிளில் ஊற்றியிருந்தால் அறுபதைத் தாண்டியிருக்கும். பெட்ரோல் விலை லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கும் நாளில் ஜெனரேட்டர் மின்சாரத்தில் ஓடும் கிலோமீட்டர் இரண்டரை ரூபாய் ஆகிறது. வாரியத்தின் மின்சாரம் யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்கு முப்பது பைசாவைத் தாண்டாது. தினசரி வழக்கமாக இதைச் செய்பவர் இருந்தால் அவரைப் பார்த்துச் சிரிக்கலாம், தவறில்லை.

ஆனால் தினசரி வழக்கமாக யாரும் இதைச் செய்வதில்லை. வண்டியின் பேட்டரியே ஒரு சேமிப்புத்தான். ஒருமுறை நிறைத்தால் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஒரு நாள் மின்தடை ஒரு பொருட்டே அல்ல. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி மாலை ஐந்து மணிக்குக் கொடுக்கும் தடையை இரவிலேயே சார்ஜ் போட்டுவிட்டவர் உணரக்கூட மாட்டார். ஜெனரேட்டரின் தேவை வருவது வழக்கம் முறிகிற நாட்களில். அந்த நாட்களில் கேள்வி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதல்ல. வண்டி நகருமா நகராதா என்பதுதான்.

*

கான்சாபுரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர். வத்திராயிருப்பு வட்டாரத்தில் பிளவக்கல் அணைகளின் தண்ணீரை நம்பி வயலும், கிணற்றை நம்பித் தோப்புமாக வாழ்கிற பகுதி. பெயரே கான் சாகிப்பை, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானை, நினைவூட்டுகிறது. மலைப்பக்கம் முழுவதும் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். ஊருக்குள் இருக்கும் வீடுகளுக்கும் தோப்புக்குள் இருக்கும் வீடுகளுக்கும் மின்சாரத்தைப் பொறுத்தவரை நிறைய வேறுபாடு உண்டு. தோப்பு வீட்டுக்கு வரும் கம்பி தென்னைகளுக்கு நடுவே வருகிறது. ஆடிக்காற்றில் மட்டை விழுந்தால் போயிற்று. காற்றில்லாத நாளிலும் கம்பி முடியும் இடத்தில் இருப்பவருக்கு அழுத்தம் குறைவாகத்தான் கிடைக்கும். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் குழல்விளக்கு கண் சிமிட்டும். மின்வண்டியின் சார்ஜர் ஓர் அளவுக்குக் கீழே வோல்டேஜ் இறங்கினால் தானாக நின்றுகொள்ளும். கரண்ட் இருக்கிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை என்ற விசித்திரமான நிலை. மின்தடையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்தக் குறையழுத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இந்தப் பக்கம் தோப்பு வீட்டில் இருக்கிறார். நான்கைந்து மாடுகள். காலையும் மாலையும் பால் கேனை மின்சார மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு சங்கத்துக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறார். ஒரு காற்றில் இரண்டு கம்பங்கள் சாய்ந்து மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போனபோது, மைக்செட் வாடகைக்கு விடும் உறவினரிடமிருந்து இரண்டு கேவிஏ ஜெனரேட்டரை வாங்கி வந்திருக்கிறார். அது ஓடியது, பல்பு எரிந்தது, வண்டி மட்டும் சார்ஜ் ஏற மறுத்தது.

காரணம் பிறகு தெரிந்தது. இந்தச் சார்ஜர்களில் பல, நிலத்தொடர்பு, அதாவது எர்த், ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளும். வீட்டு இணைப்பில் நியூட்ரல் கம்பி நிலத்தோடு தொடர்பு பெற்றிருக்கிறது. தரையில் வைத்து இயக்கும் சிறு ஜெனரேட்டரில் அது எதனோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். சார்ஜர் இதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறது. விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, மண்ணில் கம்பி இறக்கி, தண்ணீர் ஊற்றி, ஜெனரேட்டரின் நியூட்ரலையும் அந்தக் கம்பியையும் முறைப்படி இணைத்த பிறகே சார்ஜ் ஏறத் தொடங்கியிருக்கிறது. வண்டி விற்ற கடையில் கேட்டதற்கு, "ஜெனரேட்டரில் போட்டால் வாரண்டி கிடையாது" என்று மட்டும் சொன்னார்களாம். எப்படிப் போட்டால் பழுதாகாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

சொல்லியிருக்கலாம். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சார்ஜர் இழுக்கும் வாட்டைவிட ஜெனரேட்டரின் திறன் தாராளமாக அதிகம் இருக்க வேண்டும். முதலில் ஜெனரேட்டரை ஓட்டி அதன் வேகம் நிலைப்பட்ட பிறகே சார்ஜரைச் செருக வேண்டும். மலிவான ஜெனரேட்டர்கள் தரும் மின்னலை கரடுமுரடானது. இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்கள் தருவது சீரானது, சார்ஜரின் மின்னணுப் பாகங்களுக்கு அதுவே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, மழை பெய்கிறதென்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ வைத்து ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். ஒரு கைப்பிரதியில் அடங்கும் செய்தி இது. வண்டியோடு கொடுக்கும் வண்ணப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

நான் இந்த நிகழ்ச்சியைச் சொல்வதற்குக் காரணம் அடுத்த இரண்டு நாள் நடந்தது. ஜெனரேட்டர் ஓசை கேட்டு முதலில் பக்கத்துத் தோப்பிலிருந்து கைப்பேசிகள் வந்தன. பிறகு இன்னொரு மின்சார ஸ்கூட்டர். பிறகு ஒரு வீட்டின் இன்வெர்ட்டர் பேட்டரி. பெட்ரோல் செலவை நான்கு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. "கணக்குப் பார்த்தா தனியா ஓட்டினதைவிட எனக்குக் கம்மியாத்தான் ஆச்சுய்யா" என்றார் மாணவர்.

அது உண்மை. இயந்திரத்தின் இயல்பே அப்படி. இரண்டு கேவிஏ அளவுள்ள சிறு ஜெனரேட்டர் கால் சுமையில் ஓடும்போது லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்தான் தருகிறது. முழுச் சுமையில் ஒன்றரைக்கும் மேல் தருகிறது. தனியாக ஒரு வண்டியைச் சார்ஜ் செய்கிறவர் பெட்ரோலின் பெரும்பகுதியை இயந்திரம் சும்மா சுற்றுவதற்கே கொடுக்கிறார். இதையே பெரிய டீசல் ஜெனரேட்டரில் செய்தால் லிட்டருக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் கிடைக்கும். மூன்று யூனிட் என்றால் 75 கிலோமீட்டர். ஆசிரியர் அறையில் சிரித்த நண்பர்களின் நூறு சிசி வண்டி கொடுப்பதைவிட அதிகம். ஆக, "ஜெனரேட்டரில் சார்ஜ் போடுவது முட்டாள்தனமா?" என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. தனியாகப் போட்டால் நட்டம். சேர்ந்து போட்டால் கட்டுப்படியாகிறது.

*

இங்கேதான் கண்மாயும் கிணறும் நினைவுக்கு வருகின்றன.

நம் ஊர்களில் தண்ணீர் பொதுவாக இருந்த காலத்தில் அதற்கு முறை இருந்தது. எந்த மடை எப்போது திறக்கும், யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பதை நீர்பாய்ச்சி பார்த்துக்கொண்டார். அந்த முறையில் சாதியின் மேடுபள்ளங்கள் இருந்தன; அதைப் பொற்காலமாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் கண்மாய் தூர்ந்தால் எல்லோருக்கும் நட்டம் என்ற அறிவு இருந்தது. பிறகு மின்சாரம் வந்தது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. 1957இல் மின்வாரியம் அமைந்தது. கமலை இறைத்த கிணறுகளில் பம்புசெட்டு ஏறியது. உழைப்பு குறைந்தது, விளைச்சல் பெருகியது. கூடவே, தனிக் கிணறு உள்ளவருக்குக் கண்மாயைப் பற்றிய கவலையும் குறைந்தது. வசதியுள்ளவர்கள் கவலைப்படுவதை நிறுத்திக்கொண்ட பொதுச்சொத்து என்ன ஆகும் என்பதற்குத் தென் மாவட்டங்களில் தூர்ந்து கிடக்கும் கண்மாய்களே சான்று.

அந்த மின்சாரமும் சும்மா கிடைத்ததல்ல. 1970இல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கோவையை மாட்டுவண்டிகள் அடைத்து நின்றன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் அனைத்து விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்ததற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. இலக்கிய வாசகர்களுக்குக் கி. ராஜநாராயணனின் 'கரண்ட்' நினைவுக்கு வரலாம். கே. ஹரிஹரன் 1992இல் இந்தியில் படமாக எடுத்த கதை அது. கரிசல் விவசாயிக்கு மின்கம்பி எத்தகைய உறவு, அதில் எத்தனை நம்பிக்கையும் எத்தனை அவமானமும் கலந்திருந்தன என்பதை நம் இலக்கியம் கவனிக்காமல் விடவில்லை.

அப்படிப் போராடிப் பெற்ற பொது மின்சாரத்தை விட்டு நாம் மெல்ல வெளியேறத் தொடங்கியது 2008க்குப் பிறகு. 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் மின்சாரம் இல்லை. அப்போது என்ன செய்தோம்? வசதியுள்ள வீடுகள் இன்வெர்ட்டர் வாங்கின. கடைகள் ஜெனரேட்டர் வாங்கின. திருமண மண்டபம் வாடகையோடு டீசல் காசும் கேட்டது. வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்த மறுநாளே மின்தடையைப் பற்றிய நடுத்தர வர்க்கத்தின் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. தனிக் கிணறு தோண்டியவர் கண்மாயை மறந்த அதே கதை. மின்தடை என்பது இன்வெர்ட்டர் இல்லாதவரின் துன்பமாகச் சுருங்கியது. அவர் குரல் எங்கும் எட்டவில்லை.

நூற்பாலைகள் வேறு வழி கண்டன. பல ஆலைகள் முப்பந்தல் போன்ற காற்று மிகுந்த இடங்களில் சொந்தக் காற்றாலைகளை நிறுவின. ஆனால் அங்கே உற்பத்தியான மின்சாரம் ஆலைக்கு வந்துசேர வாரியத்தின் பொதுக் கம்பிதான் வேண்டியிருந்தது. சொந்த மின்சாரமே ஆனாலும் பொதுவழியை விட்டுவிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு வீட்டு முற்றத்தில் ஜெனரேட்டர் வைப்பவருக்கும் வேண்டும்.

*

ஜெனரேட்டரைக் கடைசி அடைக்கலமாக நம்பலாமா என்றால், அதற்கும் தமிழர் அனுபவத்திலேயே விடை இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் உட்கிராமங்களில் வாரக்கணக்கில் இருள். வாடகை ஜெனரேட்டர் ஊர் ஊராகப் போய் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றியது. காசு வாங்கிக்கொண்டு கைப்பேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். அங்கே ஜெனரேட்டர் ஊரைக் காப்பாற்றியது, ஏனென்றால் வெளியிலிருந்து டீசல் வந்துகொண்டிருந்தது. 2022இல் இலங்கையில் டீசலும் இல்லை. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. எரிபொருள் நிலையங்களின் முன்னே நாள்கணக்கில் வரிசை. ஜெனரேட்டர் வைத்திருந்தவரும் இல்லாதவரும் ஒன்றாகினர். அதற்கும் முன்னே, தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக்குள் மின்சாரமும் பெட்ரோலும் அற்ற மக்கள் சில துளிப் பெட்ரோலில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டார்கள். மனிதன் தன் காலால் மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்ட அந்த இரவுகளை அறிந்தவர்கள், ஜெனரேட்டரில் சார்ஜ் ஏறும் வண்டியைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். நெருக்கடியில் எந்த வழியும் வழிதான்.

ஆனால் நெருக்கடியின் வழியை நிரந்தர ஏற்பாடாக்கிக்கொள்ளக் கூடாது. மின்வண்டி விஷயத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். மின்சாரம் போனால் விளக்கும் விசிறியும் நிற்பது ஒரு வகை. போக்குவரத்தும் அதனோடு நிற்பது வேறு வகை. பெட்ரோல் வண்டிக்காரருக்கு மின்தடையும் பயணமும் வெவ்வேறு கவலைகளாக இருந்தன. மின்வண்டி இரண்டையும் ஒரே கம்பியில் கட்டிவிட்டது. பால் கேனும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணியும், பரீட்சைக்குப் போகும் பிள்ளையும் இனி அந்தக் கம்பியை நம்ப வேண்டும். தமிழ்நாட்டில் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார இருசக்கர வண்டிகள் லட்சக்கணக்கில் தயாராகின்றன. அவற்றை வாங்குவோர் நகரத்து அடுக்குமாடிகளில் மட்டும் இல்லை. வண்டி கிராமத்துக்கு வந்துவிட்டது. அதற்கேற்ற கம்பி இன்னும் தோப்பு வீடு வரை வரவில்லை.

சூரியத் தகடு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது; நல்ல விடையும்கூட. ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும்; அது ஒரு வண்டியை நிறைக்கும். 2024இல் தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டத்தில் வீட்டுக் கூரைக்கு மானியமும் உண்டு. ஆனால் பலருக்கு ஒரு செய்தி தெரியவில்லை. வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரணக் கூரை அமைப்பு, மின்தடை ஏற்பட்டதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். உச்சி வெயில் காய்ந்துகொண்டிருக்க, கூரையில் தகடு இருந்தும் வீட்டில் மின்சாரம் இராது. தனியே பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் அது தடைநாளில் உதவும். அந்தச் செலவு ஒரு மாட்டுக்காரக் குடும்பத்தால் ஆகக்கூடியதல்ல.

ஓர் ஊரால் ஆகும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பால் குளிர்விக்கும் நிலையங்களில் ஏற்கெனவே ஜெனரேட்டர் இருக்கிறது. மின்சாரம் போனால் பால் கெட்டுவிடும் என்பதால் அது எப்படியும் ஓடும். அத்தகைய ஓர் இடத்தில், அல்லது ஊராட்சிக் கட்டடத்தின் கூரையில், தகடும் பேட்டரியுமாக ஓர் அமைப்பு. முறையாக எர்த் போட்ட நான்கைந்து சார்ஜிங் முனைகள். சாதாரண நாளில் யூனிட்டுக்குக் காசு. புயல் நாளில் கைப்பேசிக்கும் மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கும் முதலுரிமை, பிறகு வண்டிகளுக்கு முறை. நீர்பாய்ச்சி மடை திறந்த ஊரில் முறைவைப்பது எப்படி என்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எந்தச் சாதித் தெருவில் அந்த இடம் அமைகிறது, யார் தயங்காமல் வந்து செருக முடிகிறது என்பதை மட்டும் இம்முறை சரியாகச் செய்ய வேண்டும். பழைய கண்மாய் முறையில் நாம் திரும்பிப் போகக் கூடாத பகுதி அதுதான்.

இதைவிட முக்கியமான, இதைவிடச் செலவு குறைந்த வேலையும் ஒன்று உண்டு. கம்பி முடியும் இடத்துக் குறையழுத்தத்தைச் சரிசெய்ய இன்னொரு டிரான்ஸ்பார்மர் கேட்பது. மட்டை விழும் இடங்களில் உறையிட்ட கம்பி கேட்பது. ஜெனரேட்டர் வாங்கும் வசதி உள்ளவர்கள் இதைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். இல்லாதவர்கள் எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாங்கிய ஜெனரேட்டரை விற்றுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு மூலையில் இருக்கட்டும். எலிகள் குடியேறாதபடி மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். அது இருக்கிறது என்பதற்காக, கிராம சபைக் கூட்டத்தில் மின்சாரத்தைப் பற்றி வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டாம்.